குளிருக்கு மூடிய பெட்டிகள்

தேவகனி அந்த மருந்தை எடுக்கவில்லை.

துபாய் அல் குசைஸில் அவள் நர்ஸாக வேலை பார்க்கும் கிளினிக்கில் மருந்து அலமாரியின் சாவி அவளிடம்தான் இருந்தது. டெட்ராசைக்ளின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். ஆனால் போன வாரம் தம்பி ஜெகின் போனில் கெஞ்சிக் கேட்டதிலிருந்து அந்தத் தட்டின் பக்கம் போகவே கூசியது. தேனீக்களுக்கு நோய் கண்டிருக்கிறது, இதைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தால் அடங்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் வெளியில் தரமாட்டார்கள், நீ மனது வைத்தால் நடக்கும் என்றான். யோசிக்கிறேன் என்று போனை வைத்தாள். யோசித்தும் முடித்துவிட்டாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

இப்போது அவனிடம்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பிக்கப்பை ஓட்டியவன் ராஜிக். இலங்கைக்காரன், ஜெகினோடு தேன் தோட்டத்தில் வேலை செய்பவன். குளிர்காலத்துக்குத் தேனீக்களுக்குக் கொடுக்க வேண்டிய சர்க்கரை மூட்டைகளை வாங்க துபாய் வந்தவன், திரும்பும்போது இவர்களையும் ஏற்றிக்கொண்டான். நடுவில் ஜெஸ்மி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சர்க்கரை மூட்டைகளோடு அவளுடைய பெட்டி, மிக்சி, குக்கர், பாய், தலையணை எல்லாம் கயிறு கட்டிக் கிடந்தன.

ஜெகினுக்கும் ஜெஸ்மிக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். சேர்ந்து இருந்தது லீவு நாள்களில் மட்டும். தேன் அடைக்கும் வேலைக்கென்று தோட்டத்து முதலாளியான அர்பாப் தன் பெயரிலேயே அவளுக்கு விசா எடுத்துக் கொடுக்க, நவம்பர் தொடக்கத்தில் மார்த்தாண்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். தங்க இடமில்லாமல் இத்தனை நாள் மைனி தேவகனியின் அறையில், அவள் கட்டிலோரம் பாய் விரித்துப் படுத்தாள். தேன் அடைத்த நாள்களில் பகலில் மட்டும் தோட்டத்துக்குப் போய்வந்தாள். போன வாரம்தான் தோட்டத்து மூலையில் இருந்த சிறிய வீட்டை அர்பாப் அவர்களுக்கு ஒதுக்கினார். இன்றைக்குக் குடிபோகிறாள்.

“மைனி, அங்க ராத்திரி ரொம்பக் குளிருமா?” என்று கேட்டாள்.

மலைப் பக்கம் என்பதால் போர்வை இரண்டு வேண்டும் என்று ராஜிக் பதில் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டாள். தேவகனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஸ் அல் கைமா தாண்டி, மலை தொடங்கும் இடத்தில் இருந்தது தோட்டம். நம் ஊர் இலந்தையைப் போன்ற சித்ர் மரங்கள். அவற்றின் நிழலில் வரிசை வரிசையாகத் தேன்பெட்டிகள். பூ முடிந்து, தேனும் எடுத்தாகிவிட்டது. இனி மரங்களில் பூ இல்லாத மாதங்கள். அதற்குள் பெட்டிகளைத் தயார் செய்துவிட வேண்டும். பலம் குறைந்த கூட்டங்களை ஒன்றாகச் சேர்ப்பது, உண்ணி பிடிக்காமல் மருந்துப் பட்டை தொங்கவிடுவது, பாகு வைப்பது, வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்குவது, வடக்குக் காற்று படாமல் சாக்கு போடுவது. இதையெல்லாம் ஜெகின் முந்தின வாரமே தொடங்கியிருந்தான்.

பிக்கப் வந்த சத்தத்தில் வலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். முகம் மெலிந்திருந்தது. ஆனாலும் ஜெஸ்மியைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான். ஜன்னலுக்குத் துணி வாங்கித் திரை போட்டிருந்தான். வாசலில் அவள் காலைக் கழுவத் தண்ணீர்க் குழாய்கூட இழுத்து வைத்திருந்தான். அவள் உள்ளே போய் அடுப்பு எங்கே, அரிசி எங்கே என்று கேட்டுக்கொண்டே சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அவன் அக்காவைப் பெட்டிகள் பக்கம் கூட்டிப்போனான்.

“கொண்டு வந்தியாக்கா?”

“இல்ல மக்கா. என்னால முடியாது. வேல போறது மட்டுமில்ல, லைசென்சும் போயிரும். அது கெடக்கட்டும். ஈக்குக் குடுத்தா அது தேனுக்குள்ள வராதாலே?”

பதிலுக்கு அவன் ஒரு பெட்டியைத் திறந்தான். புகை காட்டித் தேனீக்களை ஒதுக்கி, அடை கட்டிய சட்டம் ஒன்றை வெளியே எடுத்தான். புழு வளரும் அறைகளின் மூடிகள் மேடாக இருக்க வேண்டும். இங்கே அமுங்கி, எண்ணெய்ப் பிசுக்காக, ஆங்காங்கே ஓட்டை விழுந்திருந்தன. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை கெட்டுப்போனால் வருமே, அப்படியொரு வாடை. மூடிய அறை ஒன்றில் தீக்குச்சியைக் குத்தி மெதுவாக இழுத்தான். வெள்ளைப் புழு இருக்க வேண்டிய இடத்திலிருந்து காப்பி நிறத்தில் சளி போல ஒரு நூல் நீண்டு வந்து அறுந்தது.

தேவகனி எத்தனையோ புண்களைச் சுத்தம் செய்தவள். இதை ஒரு முறைக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

புழு அழுகல் நோய் என்றான் ஜெகின். கோடை வெயிலில் பாதிக் கூட்டங்கள் செத்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓமானில் யாரோ தொழிலை முடித்துக்கொண்டு விற்ற பழைய பெட்டிகளை அடையோடு சேர்த்து அர்பாப் வாங்கி வந்துவிட்டார். பழைய அடை வேண்டாம் என்று ஜெகின் படித்துப் படித்துச் சொன்னான். கேட்கவில்லை. அதிலிருந்து வந்தது. மருந்து வைத்தால் புழு பிழைக்கும், ஆனால் நோயின் விதை சாகாது. அடையிலும் மரப்பலகையிலும் வருடக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். பெட்டியோடு எரிப்பது ஒன்றுதான் வழி. அரசாங்க ஆபீசில் சொன்னாலும் அதைத்தான் சொல்வார்கள்.

“பொறவு எதுக்குலே மருந்து கேட்ட?”

“எரிச்சா தோட்டம் இல்லக்கா. தோட்டம் இல்லன்னா எனக்கும் விசா இல்ல, அவளுக்கும் இல்ல. இந்தக் குளிர் மட்டும் தாண்டினா, வசந்தத்துல புதுக் கூட்டம் வாங்கி ஒண்ணொண்ணா மாத்திருலாம்னு பாத்தேன்.”

அவன் பேச்சில் ஏதோ ஒன்று தேவகனிக்கு இடித்தது. இவ்வளவு தெரிந்தவன், இவ்வளவு நோயை வைத்துக்கொண்டு தேன் எடுக்கும் வரை எப்படிச் சமாளித்தான்? இதற்கு முன்னால் மருந்து கொடுத்தாயா என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இதே மருந்து ஊரில் மாட்டு மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும், ஜெஸ்மி வரும்போது கொண்டு வந்தாள், பூ இருக்கும்போதே பாகில் போட்டேன், நன்றாகக் கேட்டது, இப்போது திரும்ப வந்துவிட்டது என்று முணுமுணுத்தான்.

பின்னால் சத்தம் கேட்டது. ஜெஸ்மி இரண்டு கையிலும் சாயா கிளாசோடு நின்றுகொண்டிருந்தாள். புது அடுப்பில் போட்ட முதல் சாயா.

“ஆட்டுக்குன்னு சொன்னியளே” என்றாள்.

ஜெகின் திரும்பிப் பார்த்தான்.

“தோட்டத்துல ஆடு நிக்கி, அதுக்கு வயிறு சரியில்லன்னு சொல்லித்தான வாங்கச் சொன்னிய? அந்தப் பொடி வரணும்னுதான் என்ன அவசர அவசரமா வரச் சொன்னியளா?”

“இல்ல ஜெஸ்மி. விசா அப்பந்தான் வந்துது. சத்தியமா.”

“நாந்தான் அந்தத் தேன எல்லாம் குப்பியில ஊத்தினேன். பக்கத்துலதான நின்னிய? அப்பமாவது சொல்லியிருக்கலாமே.”

அவள் அழவில்லை. கிளாஸ்களை ஒரு காலிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அர்பாபின் மகள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள் என்பதை மைனிக்குச் சொன்னாள். தேன் அடைத்த அன்று அர்பாப் முதல் குப்பியை எடுத்துத் துணியில் சுற்றி, இது என் மகளுக்கு என்று வயிற்றின் மேல் கையை வளைத்துக் காட்டிச் சொன்னாராம். மொழி தெரியாவிட்டாலும் அவளுக்கு அது விளங்கியது. கர்ப்பமான பெண்களுக்கு இந்த மருந்து கொடுப்பதில்லை என்பதை மைனிதான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

தேனில் இருப்பது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்றாள் தேவகனி. உண்மைதான். ஆனால் சொல்லும்போதே அந்தச் சொல் அவளுக்கு ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு ஜெகின் வெறி பிடித்தவன் போலப் பெட்டிகளைத் திறந்தான். ராஜிக் புகை காட்ட, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தான். சிலவற்றில் நோய் இருந்தது, சிலவற்றில் இல்லை. இல்லாததை எல்லாம் தனியே வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனான். தண்ணீர்த் தொட்டி ஓரத்து வரிசைதான் இருப்பதிலேயே பலமானது. அந்தக் கூட்டங்கள் கோடையில்கூடச் சோரவில்லை. மூடியைத் தூக்கியதும் ஈக்கள் கொதிக்கிற உலை மாதிரி மேலே பொங்கி வந்தன. சட்டத்தின் இரு முகத்திலும் புழு நிறைந்திருந்தது. ராணியைக்கூட அவன் அக்காவுக்குக் காட்டினான். நல்ல நீளமான ராணி. வேலைக்கார ஈக்கள் வழிவிட, அது நிதானமாக நடந்தது.

அடுத்த சட்டத்தில் குச்சியைக் குத்தினான். நூல் வந்தது.

அவன் சட்டத்தை உள்ளே வைத்தான். அந்த நேரத்திலும் ஓர் ஈ நசுங்கிவிடாமல் பார்த்துப் பார்த்து வைத்தான். மூடியைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தான்.

ராஜிக் புகைப்பானைக் கீழே வைத்துவிட்டு, “பாய், அங்கால கான் பாய்ட பெட்டியளும் இருக்கு. எங்கட ஈ அங்க போகுது, அவங்கட ஈ இங்க வருது. நாங்க சும்மா இருந்தா அவர்ட சோறும் போயிரும்” என்றான்.

கான் பாய் அடுத்த வாதியில், மலைப் பள்ளத்தாக்கில், தேன்பெட்டி வைத்திருக்கும் பெஷாவர்க்காரர். வந்த புதிதில் ஜெகினுக்கு இந்த ஊர் மரங்களையும் பூக்களையும் சொல்லிக்கொடுத்தவர்.

ஜெகின் போனை எடுத்து அர்பாபுக்கு அடித்தான்.

அவர் மதியத் தொழுகை முடிந்து வந்தார். வயதானவர், அதிர்ந்து பேசாதவர். ஜெகின் சட்டங்களைக் காட்டினான். அர்பாப் தானே குச்சியை வாங்கி ஒரு முறை குத்திப் பார்த்தார். பழைய பெட்டிகளை வாங்கியது நான், நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய் என்று ஹிந்தியில் சொன்னார். எல்லாவற்றையும் எரித்துவிடு, ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்றார். ஜெகினின் தோளில் கையை வைத்தார்.

அதன் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு தேவகனிக்கு மூச்சே திரும்பி வந்தது. இந்த வருடம் தேன் அருமையாக வந்திருக்கிறது, அதற்கு இறைவனுக்கு நன்றி. தேன் கண்காட்சிக்கான பரிசோதனைக்கும் அனுப்பியாகிவிட்டது. அந்தத் தேனை விற்றால் போதும், வசந்தத்தில் புதுக் கூட்டங்கள் வாங்கலாம். நீயும் உன் மனைவியும் இந்த வீட்டிலேயே இருங்கள். புதுப் பெட்டி செய்யும் வேலை இருக்கிறது.

ஜெகினின் கண்ணில் நீர் கோத்தது. ராஜிக் அல்ஹம்துலில்லா என்றான்.

ஜெஸ்மி வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தாள்.

“மைனி, என்ன சொல்லியாரு?”

தேவகனி சொன்னாள். ஜெஸ்மி கேட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

“அவர்ட்ட சொல்லுங்க. தேனிலயும் மருந்து கெடக்குன்னு சொல்லுங்க. அவருக்க மவ அதத் திங்கப்பிடாதுன்னு சொல்லுங்க.”

“எக்கா, வேண்டாம்” என்றான் ஜெகின்.

அர்பாப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும், அந்த வேண்டாம் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். கிளினிக்கில் நர்ஸ் என்பதால் தேவகனி மேல் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஜெஸ்மி என்ன சொல்கிறாள் என்று அவளிடமே ஹிந்தியில் கேட்டார்.

“க்யா போல்தி ஹை, சிஸ்டர்?”

எரிப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறதாம் என்று ஒரு வாக்கியம் போதும். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். தம்பியின் முகத்தை அவள் பார்த்தாள். அம்மா செத்த பிறகு அவள் தூக்கி வளர்த்த முகம். ஜெஸ்மியைப் பார்த்தாள். அவள் மைனியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராஜிக்குக்கும் ஹிந்தி தெரியும் என்பதோ, பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும் என்பதோ அப்போது தேவகனிக்குத் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒரு பெண் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி தேனை எடுத்து வாயில் வைப்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பொடியின் பெயரையும் சொன்னாள்.

அர்பாப் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கொஞ்ச தூரம் நடந்து போய் மகளுக்குப் போன் செய்தார். அரபியில் அவர் மெதுவாக, கொஞ்சுகிற குரலில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்பது கேட்டது. திரும்பி வந்து ஜெகின் எதிரில் நின்று ஒரே சொல்தான் கேட்டார்.

“லேஷ்?”

ஏன் என்று.

குப்பிகள் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டன. பரிசோதனைக்குப் போனதில் அவருடைய குடும்பப் பெயர் ஒட்டியிருக்கிறது. இதை அவர் தேவகனியிடம்தான் சொன்னார், அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி. எல்லாக் குப்பியையும் நானே போய்த் திரும்ப வாங்க வேண்டும். பரிசோதனை ஆபீசிலும் நானே சொல்ல வேண்டும். அவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுவரை இவன் இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. இந்தப் பெண் உண்மை சொன்னாள், இவளை இதில் இழுக்க வேண்டாம், இன்றே உன்னோடு கூட்டிப் போ. கலாஸ், அவ்வளவுதான்.

கார் போன பிறகு ராஜிக்கும் ஜெகினும் மண்வெட்டியை எடுத்தார்கள். குழி வெட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வெளியே போன ஈக்களெல்லாம் கூட்டுக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். கடைசியாக வந்தவையும் நுழைந்ததும் ஜெகின் ஒவ்வொரு வாசலாக ஈரச் சாக்கும் மண்ணும் வைத்து அடைத்தான். குளிருக்கு மூடும்போது காற்றுக்கு இடம் விடுவான். இன்று ஒன்றும் தப்பக்கூடாது என்று அடைத்தான். பிறகு மூடியைச் சற்றே தூக்கி உள்ளே பெட்ரோல் ஊற்றினான்.

பெட்டிக்குள் பெரிய இரைச்சல் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. அவன் அடுத்த பெட்டிக்குப் போனான்.

ஜெஸ்மி அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சாப்பிடுங்க, சோறு வடித்து வைத்திருக்கிறேன், குழம்புக்குத்தான் நேரமில்லை என்று சொன்னாள். அவன் நிமிரவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். அவன் பெட்டியின் மேல் காதை வைத்து உள்ளே சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இவர்களைத் துபாயில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை பெட்டிகளைக் குழியில் அடுக்கிக்கொண்டிரு என்று ராஜிக் சொன்னான். ஜெகின் தலையை மட்டும் ஆட்டினான். பிக்கப் கேட்டைத் தாண்டும்போதே, ராஜிக்குக் காத்திராமல் ஜெகின் வைத்த முதல் தீ எழுந்துவிட்டது. மெழுகு எரிகிற தீ, மஞ்சளாக உயரமாக. இவ்வளவு நோயிலும் அந்தப் புகையில் தேன் மணம்தான் வந்தது. ராஜிக் கண்ணாடியை ஏற்றினான்.

நெடுஞ்சாலைக்கு வரும்போது, அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை என ஜெஸ்மி ஒரு முறை சொன்னாள். அணைத்தாய், நான் பார்த்தேன் என்றாள் தேவகனி. அவள் பார்க்கவில்லை.

தேவகனியின் போன் துடித்தது. ஜெகின்தான். பேசவில்லை, எழுதியிருந்தான்.

“எக்கா, அவளுக்கு டிக்கெட் எடுத்து ஊருக்கு விட்டுரு. எனக்காவக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லு. நீதான் நல்லா எடுத்துச் சொல்லுவியே.”

கடைசி வரியை அவள் மறுபடியும் வாசித்தாள். திரையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“அவியளா?” என்று ஜெஸ்மி கேட்டாள்.

“ம்.”

“என்ன சொல்லியாவ?”

எதிரே வந்த லாரி ஒன்றின் வெளிச்சம் மூவர் முகத்திலும் அடித்துவிட்டுப் போனது. ராஜிக் சாலையையே பார்த்து ஓட்டினான். ஜெஸ்மி கொஞ்சம் பொறுத்தாள். பிறகு, மைனியின் மடியில் கவிழ்ந்து கிடந்த போனின் மேல் மெதுவாகக் கையை வைத்தாள்.

“மத்தவங்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னிய மைனி. எனக்கும் சொல்லுங்க.”